டிடக்ஷன்: சம்பளச் சீட்டிலும் தர்க்கத்திலும் ஒரே சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோஸ் ஹில்லில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கும் மேனிலை வகுப்பு மாணவர்களுக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, தேர்வுத் தாளில் ஆங்கிலம், கோவிலிலும் வகுப்பிலும் தமிழ் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளரும் நம் மொரீஷியஸ் பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட ஆங்கிலச் சொல்லில் தடுக்கி விழுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல் டிடக்ஷன். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் கேட்கிறார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட்டு, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இட்டுப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிடக்ஷன் என்றால் கழிப்பதுதானே மிஸ்? தர்க்கத்தில் எதைக் கழிக்கிறார்கள்?

எதையும் கழிப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. நீங்கள் நாள்தோறும் காண்பது அவற்றில் ஒன்று. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.5 விழுக்காடு சி.எஸ்.ஜி. என்னும் சமூகப் பங்களிப்பு என்றால் 300 ரூபாய். சேமிப்பு நிதிக்கு 1 விழுக்காடு என்றால் 200 ரூபாய். இந்த 500 ரூபாய்க்கு மேலே டிடக்ஷன் என்று அச்சிட்டிருக்கும். தமிழில் இது பிடித்தம்.

மற்றொரு பொருள் சிந்தனையைச் சார்ந்தது. நாம் ஏற்றுக்கொண்ட சில கூற்றுகளிலிருந்து, அவை உண்மையானால் தானும் உண்மையாகியே தீர வேண்டிய வேறொரு கூற்றைப் பெறுவது தர்க்கத்தில் டிடக்ஷன் எனப்படும். 'ஆகியே தீர வேண்டிய' என்பதுதான் இங்கே உயிர்நிலை. 'பெரும்பாலும்', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்ற சொற்களுக்கு டிடக்ஷனில் இடமில்லை.

இரண்டுக்கும் ஏன் ஒரே சொல்? ஆங்கிலத்தில் சொல் பஞ்சமா?

பஞ்சமில்லை, பரம்பரை. இலத்தீனில் 'தூக்கெரே' என்றால் நடத்திச் செல்லுதல். அதன் முன் ஒட்டும் 'தே' என்பது கீழே, அங்கிருந்து, விலகி என்ற பொருள்களைத் தரும். ஒரு தொகையிலிருந்து ஒரு பகுதியை விலக்கி நடத்திச் சென்றால் அது பிடித்தம். ஏற்ற கூற்றுகளிலிருந்து ஒரு முடிவை நடத்தி வெளியே கொணர்ந்தால் அது தர்க்கத்தின் டிடக்ஷன். பேருந்தில் நம்மை வழிநடத்தும் கண்டக்டரும் அதே வேரில் பிறந்தவர்தான்.

தமிழும் இதே வழியில் நடந்திருப்பதுதான் எனக்கு வியப்பு. தர்க்கப் பொருளுக்கு நாம் வழங்கும் உய்த்தறிதல், உய்த்துணர்தல் என்ற சொற்களின் முதற்பாதியான 'உய்த்தல்' என்பதற்குச் செலுத்துதல், நடத்துதல் என்றே பொருள். மனத்தைச் சென்ற இடமெல்லாம் செல்லவிடாமல் 'நன்றின்பால் உய்ப்பது அறிவு' என்று திருவள்ளுவர் சொல்லும்போது அங்கே உய்ப்பது என்றால் நடத்திச் செல்வது. தொல்காப்பியம் நூல் உத்திகளை அடுக்கும் இடத்தில் உய்த்துக்கொண்டு உணர்தலையும் ஓர் உத்தியாக வைக்கிறது. நன்னூலின் 32 உத்திகளில் உய்த்துணர வைப்பு கடைசியாக நிற்கிறது. இலத்தீனைப் பார்த்து எவரும் மொழிபெயர்த்த சொல் அன்று இது. இரண்டு மொழியினரும் அறிவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கைபிடித்து நடத்துவதாகத் தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள்.

டிட்யூஸ் என்று ஒன்று, டிடக்ட் என்று ஒன்று. எதை எங்கே எழுதுவது?

பெயர்ச்சொல் ஒன்றானாலும் வினைச்சொற்கள் இரண்டு. பணத்தையோ மதிப்பெண்ணையோ கழித்தால் டிடக்ட். சிந்தித்து முடிவுக்கு வந்தால் டிட்யூஸ். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வழங்கியதுண்டு. இன்று அப்படி எழுதினால் பிழையாகவே கொள்ளப்படும்.

நம் பிள்ளைகள் இதில் தவறுவதற்குக் காரணம் பிரெஞ்சு. பிரெஞ்சில் 'டெதுயிர்' என்ற ஒரே வினை இரண்டு வேலைகளையும் செய்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி ஆங்கிலக் கட்டுரையில், செருப்பில் செம்மண் ஒட்டியிருந்ததால் அவர் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தார் என்று 'டிடக்ட்' செய்ததாக எழுதியிருந்தாள். திருத்திய ஆசிரியர் அந்தச் சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு இழுத்து அரை மதிப்பெண்ணை டிடக்ட் செய்திருந்தார். அவளுக்கு அதன் பிறகு இரண்டும் குழம்பவில்லை.

உரிச்சொல்லிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். டிடக்டிவ் என்பது தர்க்கத்துக்கு மட்டும் உரியது. டிடக்டிபிள் என்றால் கழிக்கத்தக்கது. வரிக் கணக்கில் வரும். டிட்யூசிபிள் என்றால் உய்த்தறியத்தக்கது. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பொருள் வேறாகிவிடும்.

தமிழில் எந்தச் சொல்லை எழுத வேண்டும்? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே.

உண்மைதான். இலங்கைத் தமிழ் அளவையியல் நூல்களில் டிடக்ஷனுக்கு உய்த்தறி முறை என்றும் இண்டக்ஷனுக்குத் தொகுத்தறி முறை என்றும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு ஆசிரியப் பயிற்சி நூல்களில் விதிவிளக்கு முறை, விதிவரு முறை என்று இருக்கும். இந்த இணையில்தான் வழுக்கல் அதிகம். விதியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எடுத்துக்காட்டுகளால் விளக்குவது விதிவிளக்கு முறை; அது டிடக்ஷன் வழி. எடுத்துக்காட்டுகளிலிருந்து விதி வருவது விதிவரு முறை. அது இண்டக்ஷன் வழி. இவை பாடம் நடத்தும் முறைகளின் பெயர்கள் என்பதால், தர்க்கத்தைப் பற்றி எழுதும்போது நான் உய்த்தறிதல், தொகுத்தறிதல் என்ற சொற்களையே விரும்புகிறேன்.

அனுமானம் என்ற சொல்லை மட்டும் பார்த்துக் கையாளுங்கள். தத்துவ நூல்களில் அது காரணம் காட்டி நிறுவும் அறிவு. நடைமுறைப் பேச்சிலோ 'சும்மா ஓர் அனுமானம்தான்' என்றால் குத்துமதிப்பு என்று ஆகிவிட்டது. டிடக்ஷனை வெறும் அனுமானம் என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் ஊகம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஓர் எளிய எடுத்துக்காட்டு வேண்டும். 'மனிதர் எல்லாரும் சாவார், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் சாவார்' என்பது வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சாக்ரடீஸை விட்டுவிடுவோம். நம் தீவில் எல்லாரும் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பு (கிளாஸ் 3) சூறாவளி எச்சரிக்கை அமலில் இருந்தால் பள்ளிகள் மூடியிருக்கும். இது நாம் ஏற்றுக்கொண்ட முதற்கூற்று. இப்போது மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை அமலில் இருக்கிறது. இது இரண்டாம் கூற்று. ஆகவே இப்போது பள்ளிகள் மூடியிருக்கின்றன. இது முடிவு.

இந்த முடிவுக்கு வர நீங்கள் பள்ளி வாசல் வரை போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கூற்றுகளும் உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகு முடிவை மறுப்பவர், தாம் ஒப்புக்கொண்டதையே மறுக்கிறார். டிடக்ஷனின் வலிமை முழுவதும் இந்தப் பிடியில்தான் இருக்கிறது.

பள்ளி மூடியிருக்கிறது. அப்படியானால் சூறாவளி எச்சரிக்கை என்று டிட்யூஸ் செய்யலாம்தானே?

கூடாது. வகுப்பில் அதிகம் பேர் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். தைப்பூசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது நமக்கு அரசு விடுமுறை. சனவரியிலோ பிப்ரவரியிலோ, அதாவது சரியாகச் சூறாவளிப் பருவத்தின் நடுவில் வருகிறது. அன்றைக்கும் பள்ளி மூடியிருக்கும். வானம் நீலமாக இருக்கும். பக்தர் கூட்டம் கோர் டெ கார்ட் மலையடிவாரத்துக் கோவிலுக்குக் காவடி எடுத்துப் போய்க்கொண்டிருக்கும். பள்ளி மூடியிருப்பதைக் கண்டு சூறாவளி என்று முடிவு கட்டி, வீட்டுக்குள் தாழிட்டு மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

நம் முதற்கூற்று எச்சரிக்கையிலிருந்து மூடலுக்குப் போகும் பாதை. அது ஒருவழிப் பாதை. மூடலிலிருந்து எச்சரிக்கைக்குத் திரும்பி வர அந்தக் கூற்று அனுமதி தரவில்லை. பள்ளி மூடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். 'இது இருந்தால் அது இருக்கும்' என்பதை 'அது இருந்தால் இது இருக்கும்' என்று திருப்பிப் படிப்பதற்குத் தர்க்க நூல்களில் தனிப் பெயரே உண்டு: பின்னுறுப்பை உடன்பட்டு முன்னுறுப்பை நிறுவும் பிழை. பெயரை மறந்தாலும் தைப்பூசத்தை மறக்காதீர்கள்.

சரி. எச்சரிக்கை இல்லை, ஆகவே பள்ளி திறந்திருக்கும். இதாவது சரியா?

இதுவும் சரியன்று, காரணம் முன் பதிலில் சொன்ன அதே தைப்பூசம்.

ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது முழுக்கச் சரி: பள்ளி திறந்திருக்கிறது, ஆகவே மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை அமலில் இல்லை. எச்சரிக்கை இருந்திருந்தால் பள்ளி மூடியிருக்க வேண்டும், மூடவில்லை, எனவே எச்சரிக்கை இல்லை. நான்கு வடிவங்களில் இரண்டு செல்லும், இரண்டு செல்லாது. மாணவர்களிடம் நான்கையும் ஒரு தாளில் எழுதி, செல்லாத இரண்டின் பக்கத்திலும் ஒரு காவடிப் படம் வரையச் சொல்வேன்.

முடிவு உண்மையாக இருந்தால் டிடக்ஷன் சரி என்றுதானே பொருள்?

இல்லை. முடிவு உண்மையா என்பது ஒரு கேள்வி. அந்த முடிவு கூற்றுகளிலிருந்து வந்ததா என்பது வேறொரு கேள்வி. இதற்கு நம் தீவின் டோடோவே போதும். 'பறவைகள் எல்லாம் பறக்கும். டோடோ ஒரு பறவை. ஆகவே டோடோ பறந்தது.' முடிவு பொய். டோடோ பறக்க மாட்டாத பறவை. ஆனாலும் நடை பழுதற்றது: முதலிரண்டும் உண்மையாக இருந்திருந்தால் மூன்றாவதும் உண்மையாகவே இருந்திருக்கும். பழுது நடையில் இல்லை, 'பறவைகள் எல்லாம் பறக்கும்' என்ற முதற்கூற்றில் இருக்கிறது.

இப்போது இதைப் பாருங்கள். 'பறக்காத பறவைகளில் சில அழிந்துபோயின. டோடோ பறக்காத பறவை. ஆகவே டோடோ அழிந்துபோயிற்று.' மூன்று கூற்றுகளும் உண்மை. ஆனாலும் இது டிடக்ஷன் ஆகாது. டோடோ இருந்த இடத்தில் தீக்கோழியை வையுங்கள்: அதுவும் பறக்காத பறவை, ஆனால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையான கூற்றுகளைக் கொடுத்துப் பொய்யான முடிவைப் பெற இடம் தரும் நடை, சில வேளை உண்மையைத் தந்தாலும் அது தற்செயல்தான்.

ஆங்கிலப் பாடத்தில் வேலிட், சவுண்ட் என்று இரண்டு சொல்கிறார்களே, அது இதுதானா?

இதேதான். நடை பழுதற்றதாக இருந்தால் வேலிட். நடையும் பழுதற்று, கூற்றுகளும் உண்மையாக இருந்தால் சவுண்ட். பறக்கும் டோடோ வேலிட், ஆனால் சவுண்ட் அன்று. தமிழில் நான் முதலாவதைச் செல்லத்தக்கது என்றும் இரண்டாவதைச் செல்லத்தக்கதும் மெய்யுமானது என்றும் சொல்லிவிடுவேன். பேச்சு வழக்கில் ஆங்கிலேயரே 'வேலிட்' என்பதை 'நியாயமான' என்ற தளர்ந்த பொருளில் ஆள்கிறார்கள். தர்க்கப் பாடத்தில் அந்தத் தளர்ச்சி உதவாது.

இண்டக்ஷன் என்பது இதற்கு நேர் எதிர் என்கிறார்கள். பொதுவிலிருந்து சிறப்புக்கு வந்தால் டிடக்ஷன், சிறப்பிலிருந்து பொதுவுக்குப் போனால் இண்டக்ஷன். சரிதானே?

பல பாடநூல்களில் இப்படித்தான் இருக்கிறது; முதல் நாளுக்கு இது போதும், ஆனால் முழுவதும் சரியன்று. ராமு சோமுவைவிட உயரம். சோமு கோபுவைவிட உயரம். ஆகவே ராமு கோபுவைவிட உயரம். இங்கே எல்லாமே தனி ஆட்களைப் பற்றிய பேச்சு, ஆனாலும் இது குறையற்ற டிடக்ஷன். உண்மையான வேறுபாடு திசையில் இல்லை, உறுதியில் இருக்கிறது. கூற்றுகள் உண்மையானால் முடிவு பொய்யாக வழியே இல்லை என்றால் டிடக்ஷன். கூற்றுகள் முடிவுக்கு வலுச் சேர்க்கின்றன, ஆனாலும் பொய்யாக ஒரு சந்து இருக்கிறது என்றால் இண்டக்ஷன்.

உங்கள் பணப்பையில் உள்ள ரூபாய்த் தாள்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தமிழில் மதிப்பு எழுதியிருக்கிறது. இதுவரை என் கைக்கு வந்த தாள்கள் எல்லாவற்றிலும் தமிழ் இருந்தது. ஆகவே மொரீஷியஸ் ரூபாய்த் தாள் எல்லாவற்றிலும் தமிழ் இருக்கும் என்று சொல்கிறேன். நல்ல முடிவுதான், ஆனால் டிடக்ஷன் அன்று. நாளைக்கு வரப்போகும் தாளைப் பற்றி என் பணப்பை ஒன்றும் உறுதி கூற முடியாது. ஐரோப்பியர் நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளை அன்னங்களையே பார்த்து, அன்னம் என்றால் வெள்ளை என்றே இருந்தார்கள். 1697இல் டச்சுக் கப்பல் தலைவர் வில்லெம் டி விளாமிங் மேற்கு ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னங்களைக் கண்டார். நம் தீவும் அப்போது டச்சுக்காரர் கையில்தான் இருந்தது.

அப்படியானால் கணிதத்தில் வரும் தொகுத்தறிதல்? அதில் சந்து எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி, கணித ஆசிரியர் ஒருவரே என்னிடம் கேட்டார். சந்து இல்லை. கணிதத் தொகுத்தறிதல் என்ற பெயரில் இண்டக்ஷன் இருந்தாலும் அது வேலையில் டிடக்ஷன்தான்.

ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டுங்கள்: 1; 1+3=4; 1+3+5=9; 1+3+5+7=16. எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது. இந்த நான்கைப் பார்த்து 'எப்போதும் இப்படித்தான்' என்று சொன்னால் அது ரூபாய்த் தாள் வகை. ஆனால் கணிதத்தில் அதோடு நிற்பதில்லை. முதற்படி சரி என்று காட்டுகிறார்கள். எந்தப் படி சரியானாலும் அடுத்த படியும் சரியாகியே தீரும் என்றும் நிறுவுகிறார்கள். இந்த இரண்டிலிருந்தும் எல்லாப் படிகளும் சரி என்பது தப்பாமல் வருகிறது. பெயரைப் பார்த்து வகை பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இன்ஃபர் என்றும் எழுதலாம், டிட்யூஸ் என்றும் எழுதலாம் என்கிறாள் என் மகள். இரண்டும் ஒன்றா?

இன்ஃபர் பெரிய வீடு. டிட்யூஸ் அதில் ஓர் அறை. சான்றுகளிலிருந்து எந்த வகையில் முடிவுக்கு வந்தாலும் இன்ஃபர் பொருந்தும்; தப்ப முடியாத முடிவுக்கு வந்தால்தான் கண்டிப்பான பொருளில் டிட்யூஸ். கதைப் பகுதியைப் படித்து 'கிழவரின் மனநிலை என்ன' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இன்ஃபர் என்று எழுதுவதே பாதுகாப்பு.

இம்ப்ளை என்பது வேறு ஆள் செய்யும் வேலை. பேசுபவர் குறிப்பாக உணர்த்துவது இம்ப்ளை. கேட்பவர் அதைப் பிடித்துக்கொள்வது இன்ஃபர். விருந்துக்கு வந்த மாமா 'மணி பத்தாகிவிட்டதே' என்றால் அவர் இம்ப்ளை செய்கிறார். அத்தை எழுந்து கைப்பையைத் தேடினால் அவர் இன்ஃபர் செய்துவிட்டார்.

ஷெர்லாக் ஹோம்ஸ் செய்வதைத்தானே டிடக்ஷன் என்கிறார்கள்?

அவர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். 1887இல் வந்த, அவர் தோன்றும் முதல் துப்பறியும் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தின் பெயரே டிடக்ஷன் என்னும் அறிவியல் என்பதுதான். ஆனால் அவர் செய்வதில் பெரும்பகுதி, மேலே சொன்ன கண்டிப்பான பொருளில், டிடக்ஷன் அன்று.

என் அம்மாவும் இந்தக் கலையில் கெட்டிக்காரர். ஒரு நாள் மாலை ரோஸ் ஹில்லில் வெயில் காய்கிறது. நான் வாசலில் குடையை மடக்கி வைத்ததும், அதிலிருந்து சொட்டிய நீரைப் பார்த்து, 'கியூர்பிப்புக்கா போயிருந்தாய்?' என்றார். போயிருந்தேன். கியூர்பிப் எப்போதும் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மேட்டு நிலம் என்பதால் அது மிக நல்ல விளக்கம். ஆனாலும் தப்ப முடியாத முடிவா? வழியில் எவர் வீட்டுத் தோட்டக் குழாயிலாவது நனைந்திருக்கலாம். பார்த்த அடையாளத்துக்கு மிகப் பொருத்தமான காரணத்தைத் தேடிப் பிடிக்கும் இந்த வகைக்கு அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் பியர்ஸ் (1839–1914) அப்டக்ஷன் என்று பெயர் வைத்தார். வழக்கில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆள் கடத்தல் என்றும் பொருள் இருப்பதால் கேட்டவுடன் சிரிப்பு வரும். அதுவும் 'தூக்கெரே' குடும்பம்தான்; இண்டக்ஷனும் அப்படியே. மருத்துவர் நோயைக் கண்டறிவதும், மெக்கானிக் வண்டிச் சத்தத்தைக் கேட்டுப் பழுதைச் சொல்வதும் பெரும்பாலும் இந்த வகை. தாழ்வானது என்று எண்ண வேண்டாம். உறுதி குறைவு, அவ்வளவே.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சொன்னதுதானா? நம் நூல்களில் ஒன்றுமில்லையா?

நிறையவே இருக்கிறது. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி என்பவர் அறிவு பெறும் வழிகளாகப் பத்து அளவைகளைச் சொல்கிறார். அவற்றுள் காட்சிக்கு அடுத்து நிற்பது கருதல் என்னும் அனுமானம். அதை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். காட்டில் பிளிறலைக் கேட்டு யானை இருக்கிறது என்று அறிவது ஒன்று. ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது மற்றொன்று. கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்பது மூன்றாவது. நம் தீவில் யானை இல்லை என்பதால் முதலாவதை விட்டுவிடலாம். மற்ற இரண்டுக்கும், கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் ஆறு கலங்கி ஓடும் நாளில் பாலத்தில் நின்று மோக்கா மலைப் பக்கம் பார்த்தாலே போதும்.

இந்த மூன்றும் ஒரே உறுதி உடையவை அல்ல என்பதைக் கவனியுங்கள். மேகம் கூடியும் மழை பெய்யாமல் போவதுண்டு. மேலே சொன்ன பிரிவுப்படி இவற்றில் கண்டிப்பான டிடக்ஷன் எதுவும் இல்லை. ஆகவே அனுமானம் என்பதற்கு நேராக இன்ஃபரென்ஸ் என்று எழுதுவதே பொருத்தம். டிடக்ஷன் என்று எழுதினால் நம் பழைய சொல்லின் பரப்பைக் குறுக்கியவர்களாவோம்.

மலையில் புகை, ஆகவே நெருப்பு என்பது டிடக்ஷன் இல்லையா? அதற்கு ஐந்து படி வேறு சொல்கிறார்கள், அரிஸ்டாட்டில் மூன்றோடு முடித்துவிட்டாரே?

அதே காப்பியத்தில் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அந்த ஐந்தும் வருகின்றன. இம்மலை நெருப்புடையது: இது பக்கம். புகையுடையதாதலால்: இது ஏது. அடுக்களை போல: இது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இம்மலையும் அதுபோலப் புகையுடையது: இது உபநயம். ஆகவே நெருப்புடையது: இது நிகமனம். அரிஸ்டாட்டிலின் மூன்றில் அடுக்களைக்கு இடமில்லை. 'புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு' என்ற பொதுக்கூற்று இருந்தால் அவருக்குப் போதும். நம்மவர்கள் அந்தப் பொதுக்கூற்று எங்கிருந்து வந்தது என்று காட்டவும் ஓர் உறுப்பை ஒதுக்கினார்கள். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைக் கண்டோம் என்று சொல்லும்போது தொகுத்தறிதல் உள்ளே வந்துவிடுகிறது. எனவே இது டிடக்ஷனும் இண்டக்ஷனும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடு. எதிரில் இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கும் வாத முறையாக இது வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து ஏன் என்பது விளங்கும்.

அந்தக் காதை ஏதுவில் வரும் குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலேயே, புகை என்று வைத்துக்கொண்டு நெருப்புண்டு எனத் துணிவது அவற்றுள் ஒன்று. அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டத்தின் மேல் எழும் புகையையும், கியூர்பிப்பில் காலை மூடுபனியையும் ஒரே வாரத்தில் பார்க்கும் நமக்கு இந்தக் குற்றத்தை விளக்க வேறு எடுத்துக்காட்டே வேண்டாம்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டதில் இருப்பதைத்தான் டிடக்ஷன் வெளியே எடுக்கிறது என்றால், புதிதாக என்ன கிடைக்கிறது? வெட்டி வேலையாக அல்லவா இருக்கிறது?

உள்ளதிலிருந்துதான் எடுக்க முடியும் என்பது உண்மை. சம்பளத்தில் இல்லாத பணத்தைப் பிடித்தம் செய்ய முடியாது. கூற்றுகளில் இல்லாத முடிவை உய்த்தறியவும் முடியாது. அந்த வகையில் சொல்லின் இரு பொருள்களும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் நிற்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது வேறு, அது நம் கண்ணுக்குத் தெரிவது வேறு.

ஒன்று சொல்கிறேன். மொரீஷியஸ் மக்கள் தொகை 12 இலட்சத்துக்கு மேல். ஒருவர் தலையில் இருக்கும் முடி ஏறக்குறைய ஓர் இலட்சம். யாருக்கும் 10 இலட்சம் முடி கிடையாது. இந்த இரண்டும் உங்களுக்கு முன்பே தெரிந்தவைதான் அல்லது எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடியவைதான். இருக்கக்கூடிய முடி எண்ணிக்கைகளைவிட ஆட்கள் அதிகம். ஆகவே, முடியின் எண்ணிக்கையில் ஒன்றுகூட வித்தியாசமில்லாமல் அப்படியே ஒத்திருக்கும் இருவராவது இந்தத் தீவில் இப்போது இருக்கிறார்கள். வழுக்கைத் தலையர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் இது நிற்கும். ஒருவர் தலையையும் எண்ணிப் பார்க்காமல், தப்ப முடியாத உறுதியோடு இதைச் சொல்கிறோம். இதை வகுப்பில் சொன்ன அன்று பின்வரிசைப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் தலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணிதத் தாளில் 'ஹென்ஸ் டிட்யூஸ்' என்று போட்டிருந்தால் புதிதாகக் கணக்குப் போட்டு விடையைக் காட்டக் கூடாதா?

கூடாது என்பதே அந்த இரண்டு சொற்களின் பொருள். முந்தைய பகுதியில் கிடைத்த விடையிலிருந்து இதைப் பெற்றுக் காட்டு என்று கேட்கிறார்கள். வேறு வழியில் சரியான விடைக்கு வந்தாலும் கேட்டதைச் செய்ததாக ஆகாது. மதிப்பெண் குறைய இடமுண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும் கேள்வி அது. உங்கள் விடை ஒரு பக்கத்தைத் தாண்டினால் முந்தைய பகுதியை மறுபடி பாருங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் தப்பாக வராதுதானே?

சில வேளை சரியாக வரும். ஆனால் செயலியில் இட்ட துப்பறியும் கதைச் சுருக்கம் ஒன்றை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். அதில் துப்பறிவாளர் 'கழித்தல் அறிவியலில்' வல்லவராக இருந்தார். அதே மாதம் இன்னொருவர் தம் சம்பளச் சீட்டைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். அதில் 500 ரூபாய் 'உய்த்துணர்வு' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வகுப்பறைச் சுவரில் வைத்திருக்கிறேன்.